ஒரு வரிக் கட்டளை, ஐந்நூறு படங்கள்!

புரதங்களின் அமைப்பைச் சேமித்து வைக்கும் 'புரோட்டீன் டேட்டா பாங்க்' 1971-ல் ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் அதிகமாக உள்ளன. நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அணுக்களின் இருப்பிடம் அதில் வெறும் எண்களாக இருக்கும். அவற்றை உருவமாக்கிக் காட்டும் புரோகிராம்களில் ஒன்று, வாரன் டிலானோ எழுதி 2000-ல் வெளிவந்த 'பைமால்'.

திரையில் 'மவுஸ்' கொண்டு திருப்பி, வண்ணமிட்டுப் படமாகச் சேமிப்பது ஒன்றிரண்டுக்குச் சரி. ஐந்நூறு மூலக்கூறுகள் என்றால்? கை ஓய்ந்துவிடும். கோணமும் படத்துக்குப் படம் மாறும், ஒப்பிடவே முடியாது.

எந்த மூலக்கூறு, எந்தக் கோணம், எந்த வண்ணம், எவ்வளவு அகலம் என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், பைமால் திரையில் எதையும் காட்டாமலே படங்களை எடுத்துத் தந்துவிடும். ஒரே கட்டளை போதும்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து, வேறு ஊரில், வேறொருவர் அந்தக் கோப்பை ஓட்டினாலும் அதே கோணத்தில் அதே படம் கிடைக்கும். பிறர் சரிபார்க்க முடிவதுதானே விஞ்ஞானம்!

இத்தகைய புரோகிராம் எழுதும் இளைஞர்கள், படம் வரையும் பகுதியைத் திரையை நம்பியிராதபடி தனியே அமைத்து, இந்த வசதியையும் சேர்ப்பது நல்லது.