மலாலாவின் புகழும் மாணவிகளின் பள்ளியும்

"மலாலாவை மேற்குலகம் தூக்கிப் பிடிக்கிறது; ட்ரோன் தாக்குதலில் இறந்த குழந்தைகளை யார் பேசுகிறார்கள்?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 2013இல் ஒபாமாவைச் சந்தித்தபோது, ட்ரோன் தாக்குதல்கள் பயங்கரவாதத்தையே வளர்க்கின்றன என்று அவரிடமே சொன்னவர் மலாலா. இதை ஏனோ யாரும் நினைவுபடுத்துவதில்லை.

2009இல் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண்பிள்ளைகளின் பள்ளிகளை மூடச்சொன்னார்கள் தாலிபான்கள். அதுவும் கல்வியைக் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயரால்! 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வேனில் மலாலா சுடப்பட்டபோது, உடனிருந்த இரண்டு மாணவிகளும் காயமடைந்தார்கள். 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர்கள் இல்லை. அவர்களும் படிக்கத்தான் போனார்கள்.

மலாலாவைப் பிடிக்காமல் போகலாம். ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்பு முடித்த சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு அடைபட்டிருப்பதற்கும் அவருடைய புகழுக்கும் என்ன சம்பந்தம்?