துறை மாற விரும்பும் இளம் டாக்டர்களுக்கு

மருத்துவக் கல்லூரியில் கால்வைத்த நாளிலேயே அறுவை சிகிச்சை நிபுணராவது என்று சங்கல்பம் செய்துகொண்டு, நாலரை ஆண்டுப் படிப்பையும் அந்த ஒரே லட்சியத்தை முன்னிட்டுக் கழித்த மாணவர் ஒருவர், ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரியும் கடைசி ஓராண்டில், தமது இயல்புக்கு இசைந்தது அத்துறை அன்று, மனநல மருத்துவமே என்று உணர்வாராயின், அவ்வுணர்வைச் சபலம் என்று இகழ்வது நியாயமாகாது. வார்டில் பொறுப்பேற்று நின்று ஒரு துறையை உள்ளிருந்து அறியும் சந்தர்ப்பம் அந்த ஓராண்டில்தான் வாய்க்கிறது. அதிலும் சமூக மருத்துவத்துக்குப் 12 வாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்க, மனநல மருத்துவத்துக்குக் கிடைப்பவை இரண்டே வாரங்கள். இவ்வளவு தாமதமாகப் பார்த்த ஒன்றின்மீது தாமதமாக மனம் செல்வதில் குற்றம் என்ன இருக்கிறது?

இந்தக் கட்டத்தில் மனம் மாறுபவர் சட்டப்படி எதையும் இழப்பதில்லை என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, அத்துறைப் பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருப்பதால், அங்கே இறுதியாண்டில் துறை மாறுவது பெரும் பிரயாசை. நம் நாட்டிலோ 200 கேள்விகளும் 800 மதிப்பெண்களும் கொண்ட நீட் முதுநிலைத் தேர்வு எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. இன்ன துறையை நாடுகிறேன் என்று அத்தேர்வில் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. துறையைத் தெரிவிப்பது தரவரிசை வந்தபின் நடக்கும் கவுன்சலிங்கில்தான். ஆகையால், இத்தனை காலம் படித்ததெல்லாம் வீணாயிற்றே என்ற துக்கம் ஆதாரமற்றது.

அபாயம் தொடங்குவது, இடம் ஒதுக்கப்பெற்றுக் கல்லூரியில் சேர்ந்து பத்திரத்தில் கையொப்பமிட்ட பிறகு. எம்.டி., எம்.எஸ். படிப்புகள் மூன்றாண்டுக் காலத்தவை. சேர்ந்தபின், பிடிக்கவில்லை என்பதற்காக அதே கல்லூரியில் பக்கத்துத் துறைக்கு மாறிக்கொள்ளும் உரிமை மாணவருக்கு இல்லை. இடத்தைத் துறந்து, மறுபடியும் தேர்வெழுதி, புதிதாகவே வரவேண்டும். அவ்வாறு இடையில் விலகுபவர் பல லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டு நிபந்தனை மாநிலங்கள் பலவற்றில் இருந்து வந்துள்ளது. அந்நிபந்தனை மாணவர்களைக் கடும் மனவேதனைக்கு ஆளாக்குகிறது என்று கண்ட தேசிய மருத்துவ ஆணையம், அதைக் கைவிட்டு, விலகுபவரை ஓராண்டுக்குச் சேர்க்கையிலிருந்து தடைசெய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம் என 2024 ஜனவரியில் மாநில அரசுகளுக்கு எழுதியது. அது யோசனையேயன்றிக் கட்டளை அன்று. ஆதலால், தாம் சேரும் மாநிலத்தில், தாம் சேரும் ஆண்டில், எந்த விதி அமலில் இருக்கிறது என்பதைத் தகவல் கையேட்டிலும் பத்திரத்தின் வாசகத்திலும் வரி வரியாகப் படித்துப் பார்க்காமல் எவரும் கையொப்பமிடலாகாது. கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டுவதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் இந்தப் பத்திரத்தின்மீது காட்டும்படி பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கவுன்சலிங்கின்போது விருப்பப் பட்டியல் நிரப்புவதில் நேரும் பிழைகளே பிற்காலக் கண்ணீருக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. தரவரிசைப்படி ஒவ்வொருவருக்கும், அவர் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாக, மீதமிருக்கும் முதல் இடம் ஒதுக்கப்படுவதால், கிடைக்காது என்று அஞ்சி உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளி எழுதுவதில் லாபம் சிறிதும் இல்லை. மாறாக, சேர மனமில்லாத துறையை, இருக்கட்டுமே என்று கடைசியில் எழுதிவைப்பவருக்கு அதுவே வாய்த்துவிடக்கூடும். அடுத்த சுற்றுக்கு அப்கிரேடு கேட்டவருக்குப் புதிய இடம் கிடைத்த மாத்திரத்தில் பழைய இடம் தானாக ரத்தாகிவிடும். திரும்பப் பெற இயலாது. முதற்சுற்றில் எளிதாக இருக்கும் விலகல், அடுத்தடுத்த சுற்றுகளில் வைப்புத்தொகையை இழப்பதாகவும், முடிவில் தடைக்குள்ளாவதாகவும் கடுமை பெறுகிறது.

ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கையில் அதற்கப்பால் திறக்கும் கதவுகளையும் எண்ணிப் பார்ப்பது அவசியம். பொது மருத்துவம் முடித்தவர் இருதயவியலில் டி.எம். படிக்கலாம்; கதிரியக்கவியல் முடித்தவருக்கு அவ்வழி இல்லை. வருமானத்தையும் கௌரவத்தையும் முன்னிறுத்தி வீட்டார் நிர்ப்பந்திக்கும்போது, அத்துறையிலேயே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரை அணுகி, அவருடைய இரவுப் பணி எப்படிப்பட்டது, எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்று விசாரித்தறிவது, உறவினர் பத்துப் பேரின் அபிப்பிராயத்தைவிடப் பயன் தரும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு வருந்துபவர், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு. தம்மை வாட்டுவது துறையா அல்லது வேலைச்சுமையா என்பதை முதலில் பகுத்தறிய வேண்டும். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேற்படாத பணியும், வாரந்தோறும் ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது; அதை மேற்கோள் காட்டித் துறைத் தலைவருக்கும் முதல்வருக்கும் எழுத்து மூலம் முறையிட்டு, அதன் நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். உள்ளம் தாங்காத நிலையில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

விலகுவதே முடிவென்றால், ராஜினாமாவை ஒப்புகையுடன் கொடுத்து, விடுவிப்பு ஆணையைப் பெற்ற பின்னரே வெளியேற வேண்டும். பணத்துக்கு ஈடாக அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டால், அவை சந்தைப் பண்டம் அல்லவாதலால் ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவின்கீழ் அவற்றைப் பிணையாக வைக்க இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, அந்நீதிமன்றத்தையே அணுகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலியோர் வருமான வரம்பின்றியும், ஏனையோர் குறைந்த வருமானமுடையவராயின் அதன்பேரிலும், இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். அதற்கான மனுவை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.