கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திறந்தால் 5 + □ = 9 என்பது போன்ற கணக்குகள் வரிசையாக இருக்கும். பெரியவர்களுக்கு இது ஒரு கணக்கே அல்ல. ஆனால் ஐந்தையும் ஒன்பதையும் கூட்டிக் கட்டத்துக்குள் 14 என்று எழுதும் குழந்தைகள் பலர். உடனே வீட்டில் கவலை; பக்கத்துத் தெருவில் ட்யூஷன். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, "எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?" என்று ஒதுங்கிக்கொள்கிறார். தில்லியில் பல வருஷம் சிறு வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தக் கணக்குக்கு அந்தப் பாட்டியைவிடப் பொருத்தமான ஆசிரியை கிடைக்கமாட்டார் என்பதே என் அபிப்பிராயம்.

தவறு எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்போம். அந்தக் குழந்தைக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். தெரியாதது '=' என்ற குறியின் பொருள். 2 + 3 = என்று எழுதி எழுதி, 'இனி விடையைப் போடு' என்பதுதான் அந்தக் குறியின் அர்த்தம் என்று அது நினைத்துக்கொள்கிறது. இந்தக் குறியை 1557-இல் தம் நூலில் அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் ரெகார்ட். இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமான வேறு இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று அதற்குக் காரணமும் சொன்னார். ஆக, அது தராசின் முள்ளைப் போன்றது. இரு பக்கமும் சமம் என்று மட்டுமே சொல்கிறது.

இது சிறு குழந்தைகளோடு போகிற குழப்பமும் அல்ல. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரையின்படி, 8 + 4 = □ + 5 என்ற கணக்கை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேருக்குக் கொடுத்தபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே விடை சொன்னார்கள். சரியான விடை 7. இப்போதே திருத்தாவிட்டால், நாளை அல்ஜீப்ரா வரும்போது பிள்ளை திணறும்.

இனி வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒன்பது புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதைக் கண்ணை மூடச் சொல்லி, நான்கை ஒரு டம்ளரால் மூடுங்கள். "வெளியே அஞ்சு இருக்கு. மொத்தம் ஒம்பது. டம்ளருக்குள்ளே எத்தனை ஒளிஞ்சிண்டிருக்கு, சொல்லு கண்ணா?" ஐந்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று குழந்தை விரல் விடும். ஐந்திலேயே முதல் விரலை மடக்கினால் விடை ஒன்று கூடிவிடும். அதை மட்டும் கவனியுங்கள். டம்ளரைத் தூக்கிப் பார்த்தால் சரியா, தப்பா என்பது அதற்கே தெரிந்துவிடும். நாலைந்து நாள் இப்படி விளையாடியபின் நோட்டில் டம்ளருக்குப் பதிலாகக் கட்டம் போடுங்கள். 9 = 5 + □ என்று திருப்பியும் எழுதிக் காட்டுங்கள். விடை எப்போதும் வலது ஓரத்தில்தான் வரும் என்ற எண்ணம் அப்போதுதான் போகும்.

அடுத்தது □ − 3 = 4. இதைக் கண்டதும் பல குழந்தைகள் நான்கிலிருந்து மூன்றைக் கழித்து 1 என்று எழுதும். இங்கே கதைதான் கைகொடுக்கும். "டப்பாவிலே கொஞ்சம் முறுக்கு இருந்தது. அண்ணா மூணு தின்னுட்டான். இப்போ நாலுதான் மிச்சம். முதல்லே எத்தனை இருந்திருக்கும்?" தின்ற மூன்றையும் டப்பாவில் திரும்பப் போட்டால் ஏழு. கடைசியிலிருந்து பின்னோக்கி நடக்கும் இந்த முறை நம் நாட்டில் மிகப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபட்டரும், 1150-இல் லீலாவதியில் பாஸ்கராச்சாரியாரும் கூட்டலைக் கழித்தலாகவும் பெருக்கலை வகுத்தலாகவும் மாற்றித் திரும்பி வரும் வழியை விதியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் குழந்தைக்கு 'கழித்தல் இருந்தால் கூட்டு' என்று சூத்திரம் கற்றுக்கொடுக்காதீர்கள். 10 − □ = 6 என்று வந்தால் அது பத்தையும் ஆறையும் கூட்டி 16 என்று எழுதிவிடும். பத்து ரூபாயோடு கடைக்குப் போனோம், ஆறு ரூபாய் மீதி வந்தது, செலவு எவ்வளவு என்று கதையாகக் கேட்டால் நான்கு என்ற விடை தானாக வரும்.

கடைசியாக 8 + 4 = □ + 5. நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் எட்டும் நான்குமாக இரண்டு குவியல் வையுங்கள். வலப்பக்கம் ஐந்து கொட்டைகளும் ஒரு காலிக் கிண்ணமும். "அந்தப் பக்கம் எத்தனையோ, இந்தப் பக்கமும் அத்தனை இருக்கணும். கிண்ணத்திலே எத்தனை போடுவே?" எத்தனையோ அத்தனை என்ற நம் வீட்டுப் பேச்சிலேயே சமக்குறியின் முழுப்பொருளும் அடங்கிவிடுகிறது, பாருங்கள்.

நம் எண் பெயர்களும் துணைக்கு வரும். 17 = 10 + □ என்பதற்குப் பதினேழு என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. பள்ளியில் கற்கும் இந்தியிலும் இப்படி ஒன்று உண்டு. உன்னீஸ், உன்தீஸ் என்பவற்றின் முன்னே நிற்கும் 'உன்' ஒன்று குறைவு என்பதைக் குறிக்கிறது. அதாவது இருபதுக்கு ஒன்று குறைவு, முப்பதுக்கு ஒன்று குறைவு. இரண்டு மொழிகள் புழங்கும் வீட்டுக் குழந்தைக்கு இது லாபமே.

தினம் பத்து நிமிஷம் போதும். விடை சரியானாலும் தப்பானாலும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று தமிழில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல யோசிக்கும்போதுதான் குழந்தைக்குக் கணக்கு விளங்குகிறது. கூடவே பாட்டியோடு பேசத் தமிழும் வளர்கிறது. ட்யூஷனில் இந்த இரண்டாவது கிடைக்காது.