நசுங்கிக் காக்கும் கார்

மோட்டார் வண்டி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அவ்வளவு பாதுகாப்பானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியவர், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பாரேனி என்னும் பொறியியல் அறிஞர். வண்டி மோதும்போது அதன் வேகத்தில் அடங்கிய சக்தி எவ்வகையிலேனும் செலவழிந்தே தீரவேண்டும். வண்டி சற்றும் நசுங்காவிடில், அவ்வதிர்ச்சி உள்ளிருப்போரைத் தாக்கும். ஆகவே முன்புறமும் பின்புறமும் நசுங்கிக் கொடுக்கவேண்டும். நடுவே மக்கள் அமரும் அறை மட்டும் குலையாது நிற்கவேண்டும் என்பது அவர் கண்ட முறை.

1959-இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 220 வரிசைக் கார்கள் இம்முறையில் அமைந்தன. பின்புறம் மீன்துடுப்புப் போன்ற விளிம்புகள் கொண்ட அக்கார்களின் வழிவந்ததே, 1972-இல் 'எஸ் கிளாஸ்' என்று பெயர் பெற்ற வரிசை. பிரேக்கைத் திடீரென அழுத்தினாலும் சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல், ஓட்டுநர் வண்டியைத் திருப்புவதற்கு உதவும் மின்னணு அமைப்பு 1978-இல் அதில் சேர்ந்தது. 1979-இல் தோன்றிய அடுத்த தலைமுறைக் கார்களில், 1981 முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கிடைத்தது.

செல்வர்களின் காரில் தோன்றிய இவை, பின்னர் எளிய கார்களுக்கும் பரவின. சொகுசு விலை கொடுத்தோருக்கே உரியதாகலாம். உயிர்க்காப்பு அனைவருக்கும் உரியதன்றோ?