ஒன்றரை இலட்சம் பேர் அமர்ந்த வகுப்பு

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு கேள்வி. ஒரே மாதிரியான ஐந்து டார்ச் பல்புகளும் மூன்று புதிய மின்கலங்களும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மின்கலத்துடன் ஒரே ஒரு பல்பை இணையுங்கள். இரண்டாவது மின்கலத்துடன் இரண்டு பல்புகளைத் தொடராக இணையுங்கள். மூன்றாவதுடன் மீதியுள்ள இரண்டையும் பக்க இணைப்பாக இணையுங்கள். ஐந்து பல்புகளில் எது அதிகப் பிரகாசமாக எரியும்? எவையெவை ஒரே அளவில் எரியும்? விடையை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். இருவர் விடையும் வேறுபட்டால் மிகவும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் இக்கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய மாணவர்களே, தொடர் இணைப்பில் முதல் பல்பு நன்றாக எரியும், இரண்டாவது மங்கும் என்று கூறுகிறார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அவர்கள் எண்ணம். நான் கரும்பலகையில் விளக்கினால் தலையை ஆட்டுவார்கள். தேர்வில் மறுபடியும் அதே தவறு வரும். ஆனால் பக்கத்து இருக்கைத் தோழன், "குடித்துவிட்டது என்றால் எலக்ட்ரான் எங்கே போயிற்று, பல்புக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறதா?" என்று மடக்கினால் மட்டும் விழித்துக்கொள்கிறார்கள்! ஆசிரியருக்கு இது சற்று வருத்தம் தரும் செய்திதான். எனினும் உண்மை.

அறுபது பேர் உள்ள வகுப்பில் இப்படி. ஒன்றரை இலட்சம் பேர் உள்ள வகுப்பு ஒன்று இருந்தால் அங்கே என்ன நடக்கும்? அப்படி ஒரு வகுப்பு உண்மையிலேயே நடந்தது.

ஆசிரியர் பதில் சொல்ல முடியாத வகுப்பு

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றிய ஒரு பாடத்தை இணையத்தின் வழியாக நடத்தத் தொடங்கிற்று. (சுருக்கமாக எம்.ஐ.டி. என்பார்கள்; நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு.) நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, வயது வரம்பும் பார்க்கவில்லை. இத்தகைய பாடங்களைத் திறந்தநிலை இணையப் பாடங்கள் என்கிறோம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மூக்' என்றும் அழைப்பார்கள். ஒலிப்பில் நமக்கு மூக்கு நினைவுக்கு வந்தால் அது அவர்கள் பிழையன்று. அந்தப் பாடத்தை முன்னின்று நடத்திய பேராசிரியர் அனந்த் அகர்வால், 1982-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர்.

பதிவு செய்துகொண்டவர்கள் 1,54,763 பேர். அவர்கள் 194 நாடுகளைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. ஆனால் முதல் வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் சுமார் 26,000 பேரே. பதினான்கு வாரம் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். அதாவது பதிவு செய்த நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை. இதைக் கண்டு சிலர் நகைத்தார்கள். பொருட்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது அது. பெயரைப் பதிவு செய்ய ஒரு நிமிடம் போதுமல்லவா?

அந்த 26,000 பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஐயம் என்றும், தீர்த்து வைக்க ஐந்து நிமிடம் ஆகும் என்றும் கொள்வோம். மொத்தம் 1,30,000 நிமிடம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஓர் ஆசிரியருக்கு இது 270 நாள் வேலை! பாடமோ 98 நாளில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆசிரியரால் பதில் சொல்ல இயலாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. மாணவர்களே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதற்காகக் கலந்துரையாடல் பக்கம் ஒன்றை அமைத்திருந்தார்கள்.

இந்த எண்ணம் 2012-இல் திடீரென்று தோன்றியதன்று. 2008-இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் என்ற இருவர் ஒரு பாடத்தை நடத்தினார்கள். கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் இருபத்தைந்து பேர் அளவில். இணையத்தின் வழியாக இலவசமாகச் சேர்ந்துகொண்டவர்களோ இரண்டாயிரத்துக்கு மேல். கற்போர் தங்கள் தங்கள் வலைப்பதிவுகளில் எழுதுவதும், ஒருவர் எழுதியதை மற்றவர் மறுப்பதும் அங்கே பாடத்தின் பகுதியாகவே இருந்தன. 'மூக்' என்ற பெயர் பிறந்ததும் அந்தப் பாடத்தை ஒட்டித்தான்.

எழுதியவர்களும் எழுதாதவர்களும்

மின்சுற்றுப் பாடம் முடிந்த பிறகு, அதில் சேர்ந்தவர்கள் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடக் கணக்குகளைப் போடும்பொழுது மாணவர்கள் அடிக்கடி நாடியது விரிவுரைப் படங்களையன்று, கலந்துரையாடல் பக்கத்தையே! பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் அங்கே ஏதேனும் எழுதினார்கள். சான்றிதழ் பெற்றவர்களிலோ நூற்றுக்கு 52 பேர் எழுதியிருந்தார்கள்.

அப்படியானால் கலந்துரையாடலில் எழுதினால் தேர்ச்சி பெற்றுவிடலாமா? அவசரப்படக் கூடாது. மழை பெய்யும்போது குடைகள் விரிகின்றன. குடை விரிப்பதால் மழை வருவதில்லை. ஆர்வமுள்ளவர்கள் எழுதவும் செய்வார்கள், தேறவும் செய்வார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அதே ஆய்வில் வேறொரு செய்தியும் உண்டு. கணினிக்கு வெளியே, நேரில், வகுப்புத் தோழர் ஒருவருடனோ பாடம் தெரிந்த ஒருவருடனோ சேர்ந்து படித்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெறுவார்கள் என்று கணக்கு காட்டியது. இதற்கும் குடைக் கதை பொருந்தலாம்.

இன்னும் தெளிவான சோதனை ஒன்று 2009-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் நடந்தது. மாணவர்கள் முதலில் ஒரு கேள்விக்குத் தனித்தனியே விடையளித்தார்கள். பிறகு பக்கத்திலிருப்பவருடன் விவாதித்து மீண்டும் விடையளித்தார்கள். சரியான விடை விவாதத்திற்குப் பின் கூடிற்று. தெரிந்தவனைப் பார்த்துத் தெரியாதவன் மாற்றிக்கொண்டானோ? அதை அறிய, அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு கேள்வியைத் தனியே விடையளிக்கச் செய்தார்கள். அதிலும் முன்னேற்றம் இருந்தது. இதைவிட வியப்பு, முதலில் குழுவில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாதிருந்தாலும், விவாதித்த பிறகு புரிதல் கூடியதாகத் தெரிந்தது. இருட்டில் தடவும் நால்வர் சேர்ந்து கதவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1990-களிலிருந்து தம் வகுப்பை இம்முறையில் நடத்திப் புகழ் பெற்றவர். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, எந்த இடத்தில் கால் இடறிற்று என்பது இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டு கற்பித்த ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும் என்பது அவர் கூறும் காரணம். என்னைப் பற்றியே கூறுகிறாரோ என்று நான் நினைத்ததுண்டு.

உலான்பாத்தரும் ஜபல்பூரும்

அதே மின்சுற்றுப் பாடத்தில் மங்கோலியாவின் தலைநகரான உலான்பாத்தரிலிருந்து பள்ளி மாணவர்கள் இருபது பேர் சேர்ந்தார்கள். வயது 13 முதல் 17 வரை. பாடம் கல்லூரிப் பாடம். மொழியோ அவர்களுக்கு அயல்மொழி. அவர்கள் பள்ளியின் தலைமையாசிரியர் தாமே எம்.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு மாணவரை வரவழைத்து, மின்தடையாக்கிகளும் கம்பிகளும் கொண்ட உண்மையான ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அப்படியிருந்தும் பாதிப்பேர் இடையில் நின்றுவிட்டார்கள். நிலைத்தவர்களில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், உலகெங்கும் முழு மதிப்பெண் பெற்ற 340 பேரில் ஒருவனானான். ஆனால் என் மனத்தில் நின்றது அவன் மதிப்பெண் அன்று. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, தன் தோழர்களுக்காக மங்கோலிய மொழியில் விளக்கம் பேசி யூடியூபில் ஏற்றி வந்தான் அவன்.

மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அதே பாடத்தைப் படித்தார். முடிந்தவுடன், குறிகைகளும் அமைப்புகளும் என்ற அடுத்த பாடம் வேண்டுமே என்று தேடினார். அது அப்போது அவ்வாறு நடத்தப்படவில்லை. அந்நிறுவனம் முன்பே இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருந்த விரிவுரைகளை எடுத்துக்கொண்டு, கலந்துரையாடல் பக்கத்தில் பழகிய தோழர்களுடன் சேர்ந்து, வீட்டுப்பாடமும் தேர்வும் உள்ள பாடமாகத் தாங்களே கட்டிவிட்டார்கள். ஆயிரம் பேர் அளவில் அதில் சேர்ந்தார்கள்! இவ்விரு மாணவர்களுக்கும் பின்னர் எம்.ஐ.டி.யிலேயே இடம் கிடைத்தது.

சைக்கிள் கடையிலிருந்து வந்த செய்தி

பல்புகளுக்குத் திரும்புவோம். தாளைப் பிரிக்கலாம். தனிப் பல்பும் பக்க இணைப்பிலுள்ள இரண்டும் ஒரே பிரகாசம். தொடரிலுள்ள இரண்டும் தமக்குள் ஒரே அளவு, ஆனால் மங்கல். பாடநூல் தரும் விடை இதுதான்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, எல்லா ஆசிரியர்களையும் போல நானும் செல்பேசியில் வகுப்பு நடத்தினேன். வாட்ஸ்அப் குழுவில் இக்கேள்வியைப் போட்டேன். பலர் மேற்சொன்ன விடையை எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும், தந்தையின் சைக்கிள் கடையில் கிடந்த பல்புகளை வைத்துச் செய்து பார்த்து, "ஐயா, பக்க இணைப்பில் இருப்பவை தனிப் பல்பைவிட மங்கலாக எரிகின்றன" என்று படத்துடன் எழுதினான். குழுவில் கேலிதான் எழுந்தது. இணைப்பு சரியில்லை போலும் என்று நானும் எழுதத் தொடங்கினேன், நல்லவேளை, அனுப்பவில்லை. அதற்குள் ஒரு மாணவி கேட்டாள்: "மின்கலம் புதியதா, பழையதா?" பழையது என்றான். மூன்றாமவன் ஒருவனுக்கு அகமின்தடை நினைவு வந்தது.

கணக்கைப் பாருங்கள். மின்கலம் 1.5 வோல்ட், ஒவ்வொரு பல்பும் 5 ஓம், பழைய மின்கலத்தின் அகமின்தடை 2 ஓம் என்று கொள்வோம். பல்பின் மின்தடை மாறாது என்றும் கொள்வோம். தனிப் பல்பு என்றால் மொத்தத் தடை 7 ஓம். பல்புக்குக் கிடைப்பது 1.07 வோல்ட். பக்க இணைப்பில் இரு பல்புகளின் தடை 2.5 ஓம், மொத்தம் 4.5 ஓம்; கிடைப்பது 0.83 வோல்ட். திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு பல்பும் தனிப் பல்பின் திறனில் 60 சதவீதத்தில்தான் எரியும். அகமின்தடை 0.5 ஓம் உள்ள புதிய மின்கலத்தில் இதே கணக்கைப் போட்டால் 84 சதவீதம் வரும். அந்த வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அன்று மாலை இக்கணக்கை அவர்களே போட்டுக் குழுவில் இட்டார்கள். அகமின்தடையைப் பற்றி நான் அதுவரை நடத்திய எந்த வகுப்பைவிடவும் அது சிறந்த வகுப்பு. நான் எதுவும் சொல்லவில்லை என்பது ஒருவேளை காரணமாக இருக்கலாம்.

அந்த மாணவன் "விடை என்ன ஐயா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இது நடந்திராது. நான் இதைச் செய்தேன், இதை எதிர்பார்த்தேன், இது வந்தது என்று எழுதினான். அறிமுகமில்லாதவர்கள் நிறைந்த கலந்துரையாடல் பக்கத்திலும் இப்படிக் கேட்கும் கேள்விக்கே பதில் வருகிறது. நீங்கள் போட்ட வழியையும் எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்பதையும் எழுதினால், படிப்பவருக்கு எங்கே கை கொடுப்பது என்பது விளங்கும்.

விருப்பக் குறிகளை எண்ணி விடையைத் தீர்மானிக்காதீர்கள். எங்கள் குழுவில் அன்று பெரும்பான்மை கேலி செய்தவர்களின் பக்கமே இருந்தது! ஒரு பெயரில் விடைகளைத் திரட்டி மற்றொரு பெயரில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர்களும் இணையப் பாடங்களில் உண்டு என்பதை 2015-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கேட்டவுடன் விடை தரும் கணினி நிரல்கள் வந்துவிட்ட இந்நாளில் அவ்வளவு பாடுகூடத் தேவையில்லை. ஆனால் பழைய மின்கலத்தைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள்தான். இன்னொன்று: பொதுப் பக்கங்களில் உங்கள் படம், முகவரி, செல்பேசி எண் இவற்றை எழுதவே வேண்டாம், கேள்விக்கு அவை தேவையில்லை.

நம் நாட்டில் 2017-இல் மைய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் ஒன்பதாம் வகுப்பு முதலே பாடங்கள் உண்டு. படிப்பது இலவசம், கல்லூரிப் பாடங்களில் சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதவேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் காணொளி, படிக்கும் குறிப்பு, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நான்கு பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள். நான்காவது பகுதியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. திறப்பவர்களிலும் பலர் மதிப்பெண் எப்போது வரும் என்றே கேட்கிறார்கள்! உங்கள் ஊரில் அதே பாடத்தைப் படிக்கும் இன்னொருவர் கிடைத்தால் விடாதீர்கள். செல்பேசி ஒன்றே இருந்தாலும் இருவருக்குப் போதும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. பக்க இணைப்பில் எரியும் இரு பல்புகளில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். மற்றதன் பிரகாசம் மாறுமா? புதிய மின்கலத்தில் ஒரு முறையும் பழையதில் ஒரு முறையும் செய்து பாருங்கள். செய்வதற்கு முன் விடையை எழுதி வையுங்கள். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரையும் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.