அங்க அடையாளங்கள்

புதுக்கடைச் சந்திப்பை ஒட்டி ஓர் இ-சேவை மையம். உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டிய நவம்பர் மாதம் என்பதால் வாசல்வரை பென்ஷன்காரர்கள். எனக்கு முன்னால் நின்றவர் எண்பதைத் தாண்டிய பாட்டா. ஆறாவது தடவையாகப் பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கிறார். ஆறாவது தடவையாகச் சிவப்பு விளக்கு.

"ஒருக்கா கூடி அமத்தி வையுங்கோ பாட்டா."

"நான் உசிரோடதானே நிக்கியேன் மக்ளே, இதுக்கு மேல எப்படி அமத்த?"

1962 சீனப் போர் முடிந்த கையோடு பட்டாளத்துக்குப் போனவர். திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியிருக்கிறார். அவர் பிறந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. பிறகு திரு-கொச்சி. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று இதே புதுக்கடையில் போலீஸ் சுட்டது. 1956-இல் ஊர் சென்னை மாகாணத்துக்கு வந்தது, 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. ஆவணங்களில் ஊரின் விலாசம் இத்தனை தடவை மாறியும் மாறாமல் இருந்த பாட்டாவின் ரேகையை இப்போது ஸ்கேனருக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தன் கையை விரித்துக் காட்டினார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முப்பது வருஷம் அண்டி தல்லிய கை. விரல் நுனிகள் கறுத்து, பளபளவென்று வழவழத்துக் கிடந்தன. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்றார். கொல்லாங்கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற காரமான பொருள்கள் கலந்த அந்த எண்ணெய் தோலின் மேலடுக்கை அரித்துவிடும். ஆனால் ரேகை மேலடுக்கின் சொத்து அல்ல. தாயின் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கில், தோலின் அடி அடுக்கில் மடிப்புகளாகத் தொடங்கி, ஐந்தாம் மாதத்துக்குள் அது நிலைத்துவிடுகிறது. மேல்தோல் வெந்துபோனாலும், ஒரு மாதம் கையைச் சும்மா விட்டால் அடியிலிருந்து அதே சுழி, அதே வளைவு மேலே வந்துவிடும். அண்டி ஆபீஸில் ஒரு மாதம் யார் சம்பளத்தோடு லீவு கொடுப்பார்கள் என்பது வேறு கேள்வி.

வரிசை நகரவில்லை. எனக்குப் பாவால் சன்னியாசி நினைவுக்கு வந்தார்.

டாக்காவுக்கு அருகே ஜெயதேவ்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய ஜமீன் பாவால். அதன் இரண்டாவது குமார் ரமேந்திர நாராயண ராய். வேட்டை, குதிரை, கூத்து என்று வாழ்ந்தவர், மேகநோய் முற்றியவர். 1909-இல் மனைவி விபாவதி, மைத்துனர், குடும்ப மருத்துவர் சகிதம் டார்ஜிலிங் போனார். மே 8 அன்று பித்தப்பைக் கற்களால் வந்த வலியில் இறந்தார் என்று செய்தி வந்தது. தகனமும் ஆகிவிட்டது என்றார்கள். ஆனால், பாடை மயானத்துக்குப் போன இரவில் புயல்மழை அடித்ததாகவும், தூக்கிப்போனவர்கள் ஒதுங்கித் திரும்பியபோது உடலைக் காணவில்லை என்றும் ஊரில் ஒரு பேச்சு அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

பல வருஷம் கழித்து, டாக்காவின் பக்லேண்ட் அணைக்கரையில் உடம்பெல்லாம் சாம்பல் பூசிய ஒரு சாமியார் வந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள் குமார் என்றார்கள். சகோதரி ஜோதிர்மயி தேவி வீட்டுக்கு அழைத்துப் போய் உற்றுப் பார்த்துத் தம்பி என்றார். 1921 மே 4 அன்று கூட்டத்தின் நடுவே அவரே தன் பெயரைச் சொன்னார். அடுத்த மாதமே மாவட்ட ஆட்சியர் லிண்ட்சே, இவர் போலி என்று அறிவிப்பு ஒட்டினார். ஜமீன் அப்போது அரசின் நிர்வாகத்தில் இருந்தது, அதையும் மறந்துவிடக் கூடாது. மனைவி கடைசிவரை ஏற்கவில்லை.

1930-இல் வழக்கு. நீதிபதி பன்னாலால் பாசு முன் சன்னியாசிக்காக 1,069 பேர் சாட்சி சொன்னார்கள், எதிராக 479 பேர். இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் கூடும். நெருங்கிப் பழகிய முகத்தைப் பல வருஷம் கழித்தும் நாம் கண்டுகொள்வோம், அதில் மனித மூளை கெட்டி. அவ்வப்போது தூரத்தில் பார்த்த முகத்தில் அதே மூளை மோசமாகச் சறுக்கும். ஜமீன்தாரை யானைமேல் பார்த்த குடியானவர் இரண்டாம் வகை. அதிலும், அவர் பார்க்க வரும்போதே ஊர் முழுக்கக் "குமார் வந்துட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்ட சொல் பார்த்த முகத்தின் மேல் படிந்துவிடும். பிறகு எது நினைவு, எது பேச்சு என்று பிரிக்க அவராலேயே முடியாது.

பன்னாலால் பாசுவுக்கும் இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் உடம்பை நாடினார். குமாருக்கும் சன்னியாசிக்கும் பொதுவான குறிகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பில் பட்டியலிட்டார்: வெளுத்த சிவந்த நிறம், செம்பட்டை முடி, தலைமுடியைவிட வெளுத்த மீசை, பழுப்புக் கண், வலது கீழ் இமையில் சதைத் துணுக்கு, கன்னத்தோடு ஒட்டாத காதுமடல், உடைந்த மேல் கடைவாய்ப் பல், வலது கையில் புலி நகம் கீறிய தழும்பு, இடது கணுக்காலின் வெளிப்புறத்தில் ஒழுங்கற்ற வடு, ஆறாம் நம்பர் செருப்பு. இன்னும் சில, பத்திரிகையில் எழுதக் கூச்சப்படும் இடத்து மச்சம் உட்பட. ஒன்றிரண்டு யாருக்கும் பொருந்தலாம், அத்தனையும் சேர்ந்து இன்னொரு ஆளிடம் இருக்குமா என்பதே அவர் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய சாதாரணக் குறி ஒன்று. அப்படிப் பத்துக் குறிகள் ஒரே ஆளிடம் அமைய, ஐந்தைப் பத்து முறை பெருக்க வேண்டும்: சுமார் 98 லட்சத்தில் ஒருவர். பிரமாதம்தான். ஆனால் குறிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். வெளுத்த நிறம், செம்பட்டை முடி, பழுப்புக் கண் மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வருபவை. மூன்றை ஒன்றாக எண்ணுவதே நியாயம். இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆள் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் உடம்பைப் பார்த்துவிட்டு, "ஆமா, குமாருக்கும் இங்கேதான் தழும்பு" என்று சொல்வது எளிது.

அதனால்தான் அந்தக் கணுக்கால் வடு எனக்கு ஆயிரம் சாட்சிகளைவிடப் பெரிதாகப் படுகிறது. சாவுச் செய்திக்குச் சில வருஷம் முன் குமார் ஓர் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். கம்பெனி மருத்துவர் விண்ணப்பத்தில் அடையாளக் குறியாக எழுதிவைத்தது அந்த வடுவை. அதை எழுதியபோது சாவும் இல்லை, சன்னியாசியும் இல்லை, வழக்கும் இல்லை. யாருக்கும் சாயாமல் ஒருவர் கடனே என்று நிரப்பிய படிவம். நம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "அங்க அடையாளங்கள்" என்று இரண்டு வரி இருக்குமே, அந்த மாதிரி. என் புத்தகத்தில் வகுப்பாசிரியர் வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம் என்று எழுதியிருக்கிறார். நாற்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செருப்பும் அப்படித்தான். பிரான்ஸின் அர்த்திகா கிராமத்தில் மார்த்தன் கேர் என்பவர் வீட்டைவிட்டு ஓடி ஸ்பானியப் படையில் சேர்ந்தார். 1556-இல் "நான்தான் மார்த்தன்" என்று ஒருவர் வந்தார். மனைவியும் உறவினரும் ஏற்றுக்கொண்டார்கள், குழந்தையும் பிறந்தது. பின்னால் வழக்கு வந்தபோது சாட்சிகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள், யார் என்று சொல்லத் தெரியாது என்றவர்களும் நிறைய. ஊரில் செருப்புத் தைப்பவர் மட்டும் அளவைச் சொன்னார்: பழைய மார்த்தனுக்குப் பன்னிரண்டு, இவருக்கு ஒன்பது. அப்படியும் துலூஸ் நீதிமன்றம் வந்தவர் பக்கமே சாய்ந்துகொண்டிருந்த 1560-இல், மரக்காலோடு நிஜ மார்த்தன் உள்ளே நுழைந்தார். 1557-இல் சென்-கந்தன் போரில் ஒரு கால் போயிருந்தது. செருப்புத் தைப்பவருக்கு இனி ஒற்றைச் செருப்பு தைத்தால் போதும். போலிக்குத் தூக்கு.

பாவால் வழக்கில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் கைரேகையைப் பழக்கிய மாகாணமே வங்காளம்தான். ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கையச்சு வாங்கித் தொடங்கியது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை அங்கே உருவாக்க உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு துணை ஆய்வாளர்கள். பெயர் கிடைத்தது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. அத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருந்தும், பாசுவின் பட்டியலில் கைரேகை இல்லை. கைநாட்டு குடியானவன் வைப்பது, குற்றவாளி வைப்பது. ஜமீன்தார் கையெழுத்துப் போடுபவர். இரண்டாவது குமாருக்குத் தன் பெயருக்கு மேல் எழுத வராது என்பது வேறு விஷயம்.

தீர்ப்பு 1936 ஆகஸ்ட் 24 அன்று வந்தது: இவரே குமார். பித்தப்பை வலிக்கு ரத்தபேதி ஏற்படாது, அது பாஷாண விஷத்தின் குணம் என்றும் பாசு கண்டார். உயர் நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று. லண்டன் பிரிவி கவுன்சிலில் 1946 ஜூலை 30 அன்று மூன்று பேர் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்த மூவரில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். செய்தி கேட்டுக் காளி கோயிலுக்குக் கும்பிடப் போன சன்னியாசி பக்கவாதம் கண்டு, சில நாட்களில் இறந்தார். எதிர்த்தரப்பு அவரைப் பஞ்சாபின் அவுஜ்லா ஊர்க்காரர் மால்சிங் என்றது. அந்தச் சந்தேகம் இன்றும் சிலருக்கு உண்டு. அவரோடு அந்த உடம்பும் போய்விட்டது.

எழுதிவைத்த பதிவே இல்லாதபோது என்ன செய்வது? சீனர்கள் ரத்தத்தைக் கேட்டார்கள். 1247-இல் சாங் ட்சு என்ற நீதி அதிகாரி எழுதிய சவப் பரிசோதனைக் கையேட்டில் அந்த முறை இருக்கிறது: பெற்றவரின் எலும்பில் பிள்ளையின் ரத்தத்தைச் சொட்டினால், சொந்தப் பிள்ளை என்றால் உறியும். பெருஞ்சுவர் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுச் செத்த கணவனின் எலும்பை மெங் ஜியாங் என்ற பெண் இப்படித்தான் பொறுக்கி எடுத்தாள் என்று கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் லியாங் அரச குமாரன் சியாவ் சோங், தன் தகப்பன் பேரரசரா, அவரால் கவிழ்க்கப்பட்ட பழைய அரசனா என்று அறிய, பழையவனின் கல்லறையைத் தோண்டி எலும்பில் தன் ரத்தத்தைச் சொட்டினான். உறிந்தது. உறியத்தான் செய்யும். காய்ந்து சதை நீங்கிய எலும்பு நுண்துளைகள் நிறைந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி, யார் ரத்தத்தையும் குடிக்கும். அவன் நம்பி, கடைசியில் எதிரி நாட்டுக்கு ஓடினான்.

முறை தப்பு. ஆனால் எண்ணம் தப்பில்லை என்பதுதான் விசேஷம். ஆளைப் பற்றிய பழைய பதிவு அவனுடைய உறவினரின் உடம்பிலேயே இருக்கிறது என்று அவர்கள் ஊகித்திருக்கிறார்கள். அதைப் படிக்கும் வழி 1984-இல்தான் கிடைத்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். அதற்கு வந்த முதல் நிஜ வழக்கே, திரும்பி வந்த ஆளைப் பற்றியதுதான். 1985-இல் கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவனை, இவன் அந்தத் தாயின் மகனல்ல, ஆள்மாறாட்டம் என்று குடியேற்றத் துறை சந்தேகித்தது. தகப்பன் கைக்குக் கிடைக்கவில்லை. தாயிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார் ஜெஃப்ரீஸ். மகனேதான்.

நம் பக்கத்திலும் சீக்கிரமே வந்துவிட்டது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் லால்ஜி சிங், கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ.வை ஆராயப் போய்க் கிடைத்த துணுக்கைக் கொண்டு மனித டி.என்.ஏ.வைப் பிரித்தறியும் வழி கண்டார். தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கில் அவர் சொன்ன சாட்சியம் இந்திய நீதிமன்றங்களுக்குப் புதிது.

பாசுவின் பட்டியல் இருபதைச் சுற்றி நின்றது. அமெரிக்காவின் போலீஸ் தரவுத்தளம் 2017 முதல் பார்க்கும் டி.என்.ஏ. இடங்களும் இருபதுதான். வித்தியாசம், அவை பெரும்பாலும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும்படி பொறுக்கியவை. முடியும் கண்ணும் போல ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வராது என்பதால் பெருக்கல் செல்லும். பாவாலில் இதுகூடத் தேவைப்பட்டிருக்காது. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயினுடையதே. ஜோதிர்மயியின் கன்னத்தில் ஒரு பஞ்சுக்குச்சி, சன்னியாசியின் கன்னத்தில் ஒன்று. பொருந்தாவிட்டால் அந்த மதியமே வழக்கு முடிந்திருக்கும்.

மையத்தில் கடைசியாக ஒரு செல்போனை எடுத்தார்கள். ஜீவன் பிரமாண் என்ற அந்த உயிர்ச் சான்றை 2021 முதல் முகம் காட்டியும் வாங்கலாம். எதிரே இருப்பது போட்டோவா ஆளா என்று பார்க்க அது கண்ணைச் சிமிட்டச் சொல்லும். பாட்டா நெஞ்சை நிமிர்த்தி, தாடையை உயர்த்தி, கல் மாதிரி நின்றார்.

"சிமிட்டுங்கோ பாட்டா."

"படம் பிடிச்சம்ப சிமிட்டப்பிடாதுன்னுதான் பட்டாளத்துல சொல்லித் தந்தினும்."

மூன்றாம் முறை சிமிட்டினார். பச்சை. அவர் மனைவி, ரேஷனுக்கு இப்படி ஒரு செல்போன் உண்டா என்று கேட்டார்.

பாட்டா உடனே கிளம்பவில்லை. பையிலிருந்து நைந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, அடையாளக் குறி என்ற இடத்தில் விரலை வைத்தார். இடது முழங்காலுக்குக் கீழே வடு. பிறகு வேட்டியை மடக்கிக் கட்டி, காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார். இருந்தது. அதற்குள் வரிசையில் அடுத்தவர் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்துவிட்டிருந்தார்.