மரத்தடி நிழலில் ஒரு தோட்டம்

நிழல் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. இங்கிலாந்துக் காடுகளில் குளிர்காலம் முடியும்போது மரங்கள் மொட்டையாக நிற்கும். புது இலைகள் விரிந்து வானத்தை மூடுவதற்குள் கிடைக்கும் சில வார வெளிச்சத்தை நம்பித்தான் தரையில் புளூபெல் செடிகள் வாழ்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் நீலமாகப் பூத்து, விதைத்து, பிறகு கிழங்காக மண்ணுக்குள் அடங்கிவிடும். மழையும் ஈரமும் மிகுந்த ஜப்பானின் கியோட்டோ நகரிலோ, சைஹோஜி கோயில் மரங்களின் கீழே பாசியே தோட்டம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாசி வகைகள் படர்ந்திருக்கின்றன.

நம் ஊர் மாமரம் ஆண்டு முழுவதும் நிழல் தரும். அதனடியில் குறைந்த ஒளியில் வாழத் தெரிந்த செடிகளே தேறும். அடர்ந்த நிழலுக்கு மருள், பெரணி. ஓரத்தில் கொஞ்சம் வெயில் எட்டினால் சேம்பு, மஞ்சள், இஞ்சி. தென்னை நிழல் சல்லடையில் சலித்த வெயில் மாதிரி. பொள்ளாச்சித் தோப்புகளில் கோகோ செழிப்பது அதனால்தான்.

மரத்தடிச் செடி வாடினால் வெயில் போதவில்லை என்றே நினைக்கிறோம். பல இடங்களில் உண்மைக் குறை தண்ணீர்தான். மேல்மண் ஈரத்தை மரத்தின் வேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். ஆகவே சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், தயவுசெய்து. அதையே மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், மட்கி உரமும் ஆகும். அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம், பட்டை அழுகும். வேர் நெருக்கமாக இருந்தால் வெட்டிக் குழி தோண்டாமல், தொட்டிகளில் வளர்த்து நிழலில் வையுங்கள்.